கூப்பிட்டு வந்தவர்கள்

விடிவதற்கு இன்னும் நேரம் கிடக்கும்போதே ஜொகூர் பாருவின் குடிநுழைவுக் கட்டடத்தை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகப் போகத் தொடங்கிவிடுகின்றன. ஹெல்மெட்டுக்குள் தூக்கம் கலையாத முகங்கள், முதுகில் மழைக்கோட்டு திணித்த பை. எல்லோரும் போவது சிங்கப்பூருக்கு. நான் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தேன். என் பேருந்தில் பாதிக்கு மேல் காலி. நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடக்கும் எல்லை இது. சம்பளத்தைச் சிங்கப்பூர் வெள்ளியில் வாங்கி, வீட்டு வாடகையை ரிங்கிட்டில் கட்டுகிறவர்கள்தான் அதில் பெரும்பாலோர். வேலைக்கு ஆள் வரவழைத்தே வளர்ந்த ஜொகூர், இன்று தினமும் காலையில் ஆள் அனுப்புகிறது.

ஜொகூர் பாலம் என்று சொன்னாலும் அது கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரைதான். கருங்கல் புலாவ் உபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வந்தது. 1919இல் வேலை தொடங்கி, 1923இல் அதன்மேல் ரயில் ஓடியது. 1924 ஜூனில் முறைப்படி திறந்தார்கள். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதில் ஒரு துண்டை வெடி வைத்துத் தகர்த்தது, ஜப்பானியர் அடைத்துக்கொண்டு மேலே நடந்தார்கள். இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் உண்டு. 1967க்கு முன் இந்தப் பாதையில் யாரும் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னதில்லை என்பதைத்தான் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். சிங்கப்பூர் 1965இல் தனிநாடானது. இரண்டு வருடம் கழித்துச் சாவடிகள் வந்தன. அக்கரையில் பெண் கொடுத்து இக்கரையில் பெண் எடுத்த குடும்பங்கள், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வெளிநாட்டார் ஆயின.

எங்கள் ஊர்ப்பக்கத்து உறவுக்காரப் பையன் ஒருவன் கூலாயில் இருக்கிறான். முறைக்கு நான் அவனுக்கு மாமா. அவன் காரில்தான் சுற்றினேன். முதலில் கூட்டிப்போனது ஜாலான் உங்கு புவானுக்கு. பூக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, காய்கறிக்கடை, நடுவில் ராஜ மாரியம்மன் கோயில். 1911இல் எழுந்த கோயில். நிலம் தந்தவர் ஜொகூர் சுல்தான், கோயிலை எழுப்பியவர் கூத்தப்பெருமாள் வாண்டையார் என்பது வரலாறு. வாண்டையார் என்ற பட்டப்பெயரைப் பார்த்ததும் தஞ்சாவூர்க்காரனான எனக்குப் பூண்டியும் பக்கத்து ஊர்களும் நினைவில் ஓடின.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ரயில் தண்டவாளத்தை ஒட்டி, ராஜகாளியம்மன் கோயில். 1922இல் குடிசைக் கோயிலாக இருந்தது, இன்று கூரை முதல் தூண் வரை கண்ணாடி பதித்துச் சுற்றுலாப் பேருந்துகளை இழுக்கிறது. கண் கூசுகிற அந்த ஜொலிப்பு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் வெளியே வந்து தண்டவாளத்தைப் பார்த்தால் கோயில் ஏன் இந்த இடத்தில் என்பது புரியும். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில்பாதை 1909இல் முடிந்தது. மலாயாவில் தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர்களே மிகுதி. அவர்கள் குடியிருந்த பக்கமெல்லாம் காளியும் மாரியும் முனியாண்டியும் முளைத்தார்கள். மலேசியாவில் பழைய ரயில் வரைபடத்தை வைத்துக்கொண்டு கோயில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நிலம் கொடுத்தவர் சுல்தான் என்பதை இந்த ஊரில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அது வெறும் நன்றிப் பேச்சு இல்லை என்று எனக்குத் தோன்றியது. ‘நாங்கள் தானாக வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல, வரச்சொல்லி வந்தவர்கள்’ என்று அதற்குள் ஒரு வழக்கு இருக்கிறது. ஜொகூரைப் பொறுத்தவரை அந்த வழக்கில் நியாயம் இருக்கிறது. இங்கே ஏறக்குறைய எல்லோரும் யாரோ ஒருவர் கொடுத்த காகிதத்தோடு வந்தவர்கள்.

முதல் காகிதம் சீனர்களுக்கு. 1844 வாக்கில் அன்று ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றுக் கடிதம் என்று ஒன்று கொடுக்கத் தொடங்கினார். ஒரு ஆற்றின் பெயரைச் சொல்லி, அதன் கரைக்காட்டை வெட்டிச் சாகுபடி செய்ய ஒரு சீனத் தலைவனுக்கு உரிமை. அந்தத் தலைவன்தான் காங்சு. வரி வசூலும் அவனே, அபின், சூதாட்டம், சாராயம், அடகு எல்லாவற்றின் குத்தகையும் அவனே. தியோசூ கூலிகள் வந்து காட்டை எரித்து மிளகும் கேம்பியரும் நட்டார்கள். கேம்பியர் என்பது வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி போன்ற ஒரு சரக்கு. இலையைக் கொதிக்கவைத்துச் சத்தெடுத்து, ஐரோப்பாவின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். அந்த வருமானத்தில்தான் இப்ராகிமின் மகன் அபு பக்கார் அரண்மனை கட்டினார், லண்டன் போனார், 1886இல் சுல்தான் ஆனார். அரண்மனையைக் கட்டியவர் வோங் ஆ ஃபூக், கான்டன் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்த தச்சர். நகரத்தின் பெரிய தெரு ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. துணி விற்கும் சில்லறை வியாபாரியாகத் தொடங்கி ஜொகூரின் சீனர்களுக்கெல்லாம் தலைவரான டான் ஹியோக் நீ பெயரில் இன்னொரு தெரு. காங்சு முறையை 1917இல் ஒழித்தார்கள். அதற்குள் ரப்பர் வந்துவிட்டது.

ரப்பரோடு நாம் வந்தோம்.

ஒப்பந்தம் போட்டு ஆள் கொண்டுவரும் சஞ்சிக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக வளர்ந்தது கங்காணி முறை. தோட்டத்து முதலாளிகள் பணம் போட்ட குடியேற்ற நிதி ஒன்று 1907இலேயே உண்டாகியிருந்தது. கப்பல் கட்டணம் அதிலிருந்து வரும். கங்காணி உரிமச் சீட்டை வாங்கிக்கொண்டு தன் சொந்த ஊருக்கே போவார். மாமன், மச்சான், பங்காளி என்று கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றுவார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். ஒப்பந்தம் கிடையாது, விட்டுப் போகலாம் என்பது சட்டம். ஊரார் முன்னிலையில் வாங்கிய முன்பணமும் கங்காணியின் கணக்கு நோட்டும் இருக்கும்போது அந்தச் சட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 1931 கணக்கெடுப்பில் ஜொகூரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியபோது பத்தில் ஒருவர் இந்தியர்.

அந்தக் கணக்கெடுப்பு மலாயாவையே கலக்கியது. சிங்கப்பூரையும் சேர்த்துப் பார்த்தால் மலாய்க்காரர்கள் பாதிக்கும் குறைவு. சரியாக அதே நேரத்தில் உலக மந்தம். ரப்பர் விலை தரைக்கு வந்தது. கூப்பிட்ட கம்பெனிகளே கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. 1930 முதல் மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். சீன ஆண்களின் வருகைக்கு வரம்பு விதித்தார்கள், 1933இல் அந்நியர் சட்டம் வந்தது. தமிழன் பிரிட்டிஷ் பிரஜை என்பதால் அந்தச் சட்டத்தின்படி அந்நியன் இல்லை. அது அவனைக் கப்பலிலிருந்து காப்பாற்றவும் இல்லை. ரப்பர் விலை ஏறியதும் மறுபடி ஆள் கூப்பிட்டார்கள். கடைசியில் 1938இல் உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசே தடை செய்தது.

குளுவாங் போகும் சாலையில் இருபுறமும் எண்ணெய்ப்பனைதான். ரப்பர் மரத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். கிளைச்சாலையில் இறங்கி ஒரு பழைய தோட்டத்துக்குப் போனோம். லயன் வீடுகளில் பாதிக்கு மேல் ஆளில்லை. இருக்கும் சிலவற்றில் இந்தோனேசியர்கள், வங்கதேசிகள். கோயில் மட்டும் புதுப்பெயின்டில் இருக்கிறது. திருவிழாவுக்கு ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பழைய குடும்பங்கள் வருமாம். கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கத்தான் பையன் கூட்டிவந்திருந்தான். எண்பது தாண்டியவர், காது நன்றாகக் கேட்கிறது.

“ஊர்லேர்ந்தா வர்றீங்க? எந்தப் பக்கம் தம்பி?”

சொன்னேன். அவருக்கு அந்த ஊரெல்லாம் பெயர்தான். பிறந்தது இதே தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில். அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போனவர் வரவில்லை. பிள்ளை பிறந்ததைப் பதிய ஆபீசுக்குப் போக வீட்டில் ஆண் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் ஓடிப்போயிருந்தார்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். மடிப்பில் பிய்ந்த ஒரு பழைய கடிதம், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, இரண்டு மூன்று விண்ணப்பங்களின் நகல், எல்லாவற்றுக்கும் மேலே அடையாள அட்டை. சிவப்பு. மலேசியத் தமிழர்களிடம் ‘சிவப்பு ஐசி’ என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. நீல ஐசி உள்ளவருக்குத்தான் ஓட்டு. 1957 சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்கு, பிற்பாடு வந்த திருத்தங்கள் வரை, பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் பிறந்த தோட்டத்து மக்கள் மனுப்போட்டு, பிறப்பைக் காட்டி, ஓரளவு மலாய் பேசிக்காட்டி வாங்கியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது எத்தனை படி! 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை தருவதாக 2018இல் அரசு அறிவித்ததும், பாட்டியின் மகன் இன்னொரு மனுப் போட்டிருக்கிறார். அந்த நகலும் உறையில் இருந்தது.

“பால்மரம் வெட்டுனது நாப்பது வருசம். மரத்துக்கு நம்பர் இருந்துச்சு, எனக்கும் நம்பர் இருந்துச்சு. இந்த அட்டையிலயும் நம்பர் இருக்கு, பாருங்க,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு நான் காப்பி குடிக்காமல் போகக்கூடாது என்று எழுந்தார்.

அந்த அட்டையின் நிறம் முடிவானதில் ஜொகூர் பாருவுக்குப் பெரிய பங்கு உண்டு. மறுநாள் அரண்மனை வாசலுக்குப் போனேன். வெள்ளைச் சுவர், நீலக்கூரை, எதிரே ஜலசந்தி, அதற்கப்பால் சிங்கப்பூரின் அடுக்குமாடிகள். இந்த இஸ்தானா பெசாரில்தான் 1946 மே 11 அன்று அம்னோ என்ற மலாய்க்காரர் கட்சி பிறந்தது.

போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார் மலாயன் யூனியன் என்ற திட்டத்தோடு வந்தார்கள். சுல்தான்களின் அதிகாரத்தை எடுத்துக்கொள்வது ஒரு பாதி. வந்தேறிகளுக்குத் தாராளமான குடியுரிமை மறுபாதி. மலாயாவில் பிறந்திருந்தாலோ, ஜப்பானியர் வருவதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே இருந்திருந்தாலோ குடிமகன். பாட்டியின் தாய்க்கு அது போதுமாயிருந்திருக்கும். சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஹெரால்டு மெக்மைக்கேல் முதலில் வந்தது ஜொகூருக்குத்தான், 1945 அக்டோபரில். அபு பக்காரின் மகன் சுல்தான் இப்ராகிம் போட்டுக்கொடுத்துவிட்டார். ராஜ்ஜியத்தை அந்நியருக்குக் கொடுக்கக்கூடாது என்று ஜொகூரின் 1895ஆம் ஆண்டு அரசியல் சாசனமே சொல்கிறது, சுல்தான் அதை மீறிவிட்டார் என்று ஜொகூர் மலாய்க்காரர்களில் சிலர் வெளிப்படையாகவே பேசினார்கள். சுல்தானை அப்படிக் கேட்பது அன்று சின்ன விஷயம் இல்லை. 1946 ஏப்ரல் 1 அன்று யூனியன் தொடங்கியபோது மலாய்க்காரர்கள் தொப்பியில் வெள்ளைத்துணி சுற்றி ஒரு வாரம் துக்கம் கடைப்பிடித்தார்கள். சுல்தான்கள் பிரிட்டிஷ் ஆளுநரின் பதவியேற்பு விழாவுக்கே போகவில்லை.

நம் பக்கத்துப் புத்தகங்கள் இந்தக் கோபத்தை வெறும் இனவெறி என்று ஒரு வரியில் தள்ளிவிடுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு ஆண்டுகளாக யாரும் மலாய்க்காரர்களைக் கேட்காமல்தான் ஆட்களை இறக்கினார்கள். கேம்பியர் லாபம் அரண்மனைக்கும் சீன முதலாளிகளான தவுக்கேக்களுக்கும், ரப்பர் லாபம் லண்டனுக்கும் போனது. மலாய்க் கிராமத்து விவசாயிக்கு மிஞ்சியது தன் ஊரிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற பயம். பயம் நியாயமானதுதான். அது போய் விழுந்த இடம்தான் சரியில்லை. லண்டன் கம்பெனியின் பங்குதாரரை அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. பால்வாளி தூக்கிப் போகும் தமிழனையும் மளிகைக்கடைச் சீனனையும் தினம் பார்த்தார்கள்.

அம்னோவை எழுப்பிய ஓன் ஜாபார் ஜொகூர் பாருக்காரர், 1895இல் பிறந்தவர், பத்திரிகையாளர். அவர் தந்தை ஜொகூரின் முதல் மந்திரி பெசார், அதாவது முதலமைச்சர். தாய் ருக்கையா ஹானும், துருக்கி சுல்தானின் அரண்மனையிலிருந்து ஜொகூருக்கு வந்து சேர்ந்த சர்கேசியப் பெண். இந்த ஊரில் யாருடைய கொடிவழியைத் தோண்டினாலும் ஒரு கப்பல் இருக்கும். பத்து பகாட், மூவார் பக்கத்து ஜாவாக்காரர்களும் பூகிஸ்காரர்களும் அப்படி வந்தவர்கள்தான்; அவர்கள் வேற்றாராகக் கருதப்படாததற்கு மொழியும் மதமும் காரணம்.

பிரிட்டிஷார் பணிந்தார்கள். 1948 பிப்ரவரியில் யூனியன் போய்க் கூட்டரசு வந்தது. வெளியே பிறந்தவர் 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும், மொழியும் தெரிந்திருக்க வேண்டும் என்று வாசல் குறுகியது. ஜான் திவி தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரசும் இடதுசாரிகளும் மலாய்த் தேசியர்களில் ஒரு பகுதியும் சேர்ந்து, 1947 அக்டோபர் 20 அன்று நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தியும் பலிக்கவில்லை. ஆனால் அதே ஓன் ஜாபார், அம்னோவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிடவேண்டும் என்று கேட்டார். கட்சி மறுத்தது. 1951இல் தான் கட்டிய கட்சியை விட்டே வெளியேறினார். எல்லோருக்குமான ஒரு கட்சி தொடங்கித் தோற்றார். பிறகு உள்துறைப் பொறுப்பிலிருந்துகொண்டு குடிநுழைவை இறுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1953இல் அது நடைமுறைக்கு வந்ததும், விருப்பம்போல் கப்பலேறி வந்துபோன நாகப்பட்டினக் காலம் முடிந்தது. ஒரே மனிதர் ஒரு பத்தாண்டுக்குள் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவரை வீரன் என்போரும் துரோகி என்போரும் அவருடைய ஏதோ ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கெலாங் பாத்தாவைத் தாண்டி ஃபாரஸ்ட் சிட்டிக்குப் போனது ஒரு மாலை. கடலைத் தூர்த்து எழுப்பிய தீவில் நாற்பது மாடிக் கட்டடங்கள், பால்கனியெல்லாம் செடி தொங்கவிட்டது, விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணிவிடலாம். சீனாவின் கன்ட்ரி கார்டன் நிறுவனமும் ஜொகூர் அரசு சார்ந்த நிறுவனமும் சேர்ந்து 7 லட்சம் பேருக்கென்று திட்டமிட்ட நகரம். வீடு வாங்க வந்த சீன நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஒருவகையில் அழைப்பிதழ்தான் போனது, பளபளக்கும் விளம்பரத் தாளில். 2017இல் சீன அரசு பணத்தை வெளியே கொண்டுபோவதை இறுக்கியது. வெளிநாட்டுக்காரர்களுக்கு நாட்டை விற்கிறார்கள் என்று பிரசாரம் செய்து ஆட்சிக்கு வந்த மகாதீர், வீடு வாங்கிய வெளிநாட்டவர்க்குக் குடியிருக்க விசா கிடையாது என்று 2018 ஆகஸ்டில் சொன்னார். அருகிலுள்ள தஞ்சோங் கூப்பாங் மீனவர்களைக் கேட்டால் விசா பிரச்சினை அவர்களுக்குப் புரிவதில்லை. மண் கொட்டியதில் மீன்பாடு போய்விட்டது என்பதுதான் பேச்சு. இந்த ஜலசந்தியில் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த ஓராங் செலேத்தார் பழங்குடிகள் இன்னும் சில கிராமங்களில் இருக்கிறார்கள். தெமெங்கோங்குக்கும் முந்தியவர்கள். ஆற்றுக் கடிதம் கொடுத்தபோது அந்த ஆறு யாருடையது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் முடிவெட்டிக்கொள்ளலாம் என்று தமிழர் ஒருவரின் கடையில் உட்கார்ந்தேன். முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், தாத்தா காலத்திலிருந்து ஜொகூர். கத்தரி பிடித்தவர் புதுக்கோட்டைப் பக்கம். இரண்டாவது நாற்காலியில் சவரத்துக்குச் சாய்ந்திருந்த பெரியவர் ஆரம்பித்தார்.

“ஊரே மாறிப்போச்சு சார். எங்க பாத்தாலும் பங்களாதேஷ்காரன். நம்ம பையன்களுக்கு வேலையே கெடைக்கல. எல்லாரையும் புடிச்சி அனுப்பணும்.”

“நம்ம பையன எவன்ண்ணே இந்த வேலைக்கு வர்றான்?” என்றார் முதலாளி, கல்லாவிலிருந்து. “எம் மவன் சிங்கப்பூர்ல பார்சல் டெலிவரி. கடைக்கு வாடான்னா வரமாட்டேங்கறான்.”

முடிதிருத்தும் கடை, நகைப்பட்டறை, ஜவுளிக்கடை இந்த மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசு 2009இல் நிறுத்திவைத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்பது காரணம். உள்ளூர்க்காரர் வரவில்லை, கடைகளைச் சாத்தினார்கள். இந்திய வணிகர்கள் பதினைந்து வருடம் போல மனுப்போட்ட பிறகு, 2023இல் அரசு ஒரு வரையறைக்குள் மறுபடி அனுமதித்தது. மனுப்போட்டவர்களில் பலர் கங்காணி கூட்டிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஒரு ஆளுக்கு ஆண்டுத் தீர்வை 1,850 ரிங்கிட், மருத்துவச் சோதனை, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் தனி என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார் முதலாளி.

“இவரும் வெளிநாட்டு ஆளுதானே,” என்று என் தலைக்குப் பின்னால் இருந்தவரைக் காட்டிப் பெரியவரிடம் கேட்டேன்.

“இவரு நம்ம ஆளு சார். அது வேற.”

புதுக்கோட்டைக்காரர் ஒன்றும் பேசவில்லை. என் காதுமடலை மடக்கிக்கொண்டு கத்தியை வைத்தார். முதலாளி மட்டும் எழுந்துவந்து பெரியவரின் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, “அண்ணே, இவரு பெர்மிட்டு இந்த மாசம் முடியுது. நாளைக்கி செத்தியா டிரோப்பிக்கா குடிநுழைவு ஆபீசுக்கு நான் போவணும், கடை மத்தியானம்தான் தொறப்பேன். நீங்க காலையில வந்து நிக்காதீங்க,” என்றார்.